40 வளைவு... 71 வயது... வால்பாறைக்கு ஒரு கார் பயணம்!

காலை ஆறரை மணி. பொள்ளாச்சியில் எங்கள் வீட்டு வாசலில் காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளிப்பக்கம் முடித்து, உள்பக்கமும் துடைத்தேன்.

"ஏனுங்க, கல்யாணத்துக்கா போறோம்? எத்தனை தடவைதான் அதையே துடைப்பீங்க?" என்றாள் மனைவி. கையில் புளிசாதத் தூக்கு.

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அது சிரிப்பு விஷயமில்லை. கண்ணாடியில் படிந்த மெல்லிய அழுக்கு, எதிர்வெயிலில் வெள்ளைத் திரை மாதிரி ஆகிவிடும். முப்பது வயதில் அந்தத் திரையைத் தாண்டியும் எனக்குச் சாலை தெரிந்தது. இப்போது எனக்கு 71.

அன்றைக்குக் கிளம்பியது நான்கு பேர். நான், மனைவி, மருமகள், எட்டு வயதுப் பேத்தி. மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. பேத்திக்கு வரையாடு பார்க்கணும், சிங்கவால் குரங்கு பார்க்கணும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கப் பொள்ளாச்சிக்காரர்களுக்கு வால்பாறையை விட்டால் வேறு இடம் எது? 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு.

"மாமா, நான் ஓட்டட்டுங்களா?" என்று மருமகள் முந்தின நாள் இரவே கேட்டாள். ஈரோட்டுப் பெண். கல்யாணமாகி வந்த பிறகு என்னிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஊருக்குள் நன்றாக ஓட்டுவாள். மலையில் ஓட்டியதில்லை.

"மலை வேண்டாம்மா, நானே ஓட்டறேன். எனக்கு அந்த ரோடு கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறுத்தியது. அந்த வார்த்தையில் ஒரு கதை இருக்கிறது. இரண்டு வருஷமாக வீட்டில் யாருக்கும் சொல்லாத கதை.

ஆழியாறு வரை

ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. அங்கலக்குறிச்சி வருகிறவரை சாலை நேராகப் போகும், எதிரே ஆனைமலைத் தொடர் சுவர் மாதிரி நிற்கும். காலை நேரத்தில் இந்தப் பாதையில் ஓட்டுவது தனி சுகம். ஐம்பதுக்கு மேல் நான் போகவில்லை. பின்னால் வந்த இரண்டு கார்கள் ஹாரன் அடித்தன. இடதுபக்கம் ஒதுங்கி வழிவிட்டேன்.

"தாத்தா, எல்லாரும் நம்மள ஓவர்டேக் பண்றாங்க!"

"பண்ணட்டும் கண்ணு. வரையாடு எல்லாருக்கும் காத்திருக்கும்."

ஆழியாறு அணைப் பக்கம் நிறுத்தி டீ குடித்தோம். இது என் புது வழக்கம். ஒரு மணி நேரம் ஓட்டினால் பத்து நிமிஷம் இறங்கி நடக்க வேண்டும். முழங்கால் மடங்கியபடியே இருந்தால் கிளட்சை அழுத்துகிற கால் மரத்துப்போகிறது. எனக்குச் சர்க்கரை உண்டு. அதனால் வெறும் வயிற்றில் ஸ்டீயரிங் பிடிப்பதில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்களுக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுங்கும், வியர்க்கும், யோசனை குழம்பும். காரின் டாஷ்போர்டில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று எப்போதும் கிடக்கும்.

வனத்துறைச் சோதனைச் சாவடியில் விவரம் கொடுத்துவிட்டு நகர்ந்தோம். கொஞ்ச தூரத்தில் குரங்கு அருவி. கவியருவி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், ஆனால் எங்கள் வாயில் இன்னும் குரங்கு அருவிதான். அதைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கியது.

வளைவில் யாருக்கு முதல் வழி?

ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். பேத்தி சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள். நான் இரண்டாவது கியரில் ஏறினேன். வளைவுக்கு முன்னால் ஒரு ஹாரன். மேலிருந்து பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்குள் நுழையாமல் கீழேயே நின்றுவிடுவேன்.

"மாமா, ஏர்ற வண்டிக்குத்தானே முதல் வழி? நாம ஏன் நிக்கறோம்?" என்றாள் மருமகள்.

சரியான கேள்வி. மலைச்சாலையில் இடம் போதாத இடத்தில், இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம் என்பதால் வந்த விதி. ஆனால் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். நாம் பாதி வளைவில் போய் மாட்டிக்கொண்டால், பின்னால் எடுக்க வேண்டிய வேலை நமக்குத்தான். கழுத்து திரும்பாத வயதில் ரிவர்ஸ் எடுப்பது எவ்வளவு சிரமம் என்று என்னைக் கேளுங்கள்! எனக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம். தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிவதில்லை. கண்ணாடிகளைச் சரியாக வைத்துக்கொண்டு, பக்கக் கண்ணாடியில் ஒரு சின்னக் குவிக்கண்ணாடியையும் ஒட்டியிருக்கிறேன். ரிவர்ஸ் எடுக்கவே வேண்டாத மாதிரி வண்டியை நிறுத்தப் பழகிவிட்டேன்.

"ஒம்போது!" என்று கத்தினாள் பேத்தி.

ஒன்பதாவது வளைவு. லோம்ஸ் வியூ. இந்த மலைச்சாலையை அமைத்த லோம் என்ற பொறியாளரின் பெயரைத் தாங்கிய இடம். இறங்கி நின்றால் கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் விரித்துப் போட்ட நீலத் துண்டு மாதிரி கிடக்கும். எங்கள் அதிர்ஷ்டம், பாறைச் சரிவில் மூன்று வரையாடுகள். நம் மாநில விலங்கு. செங்குத்துப் பாறையில் ஒரு குட்டி துள்ளி ஓடியது. பேத்தி வாயைப் பிளந்து நின்றாள். மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு தடுப்புச் சுவர் பக்கம் போனாள்.

மருமகள் என் பக்கத்தில் நின்றாள். "நல்லா ஓட்டறீங்க மாமா. ஆனா ஏன் இவ்வளவு இறுக்கமா இருக்கீங்க?"

அன்றைக்குத்தான் சொன்னேன்.

சொல்லாத கதை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நவம்பர் மாதம். என்னோடு வேலை பார்த்த நண்பர் வால்பாறையில் இறந்துவிட்டார். நான் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன். 1980-களின் கடைசியிலிருந்து 11 வருஷம் காடம்பாறையில் இருந்தேன். மலைக்குள் குடைந்து கட்டிய மின்நிலையம் அது. மின்சாரம் அதிகம் தேவைப்படும்போது மேலே இருந்து தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். தேவை குறைந்த நேரத்தில் அதே தண்ணீரை மறுபடி மேலே ஏற்றுவார்கள். 100 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள். அந்த 11 வருஷத்தில் இந்த மலைச்சாலையில் நான் ஏறி இறங்கியதற்குக் கணக்கே இல்லை. மழையில், பனியில், நள்ளிரவில், வாரியத்து ஜீப்பில்.

துக்கத்துக்குத் தனியாகப் போனேன். காலையிலிருந்தே சளி. மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். காரியம் முடிந்து கிளம்ப மாலை ஐந்து தாண்டிவிட்டது. இருந்துவிட்டுக் காலையில் போகச் சொன்னார்கள். "எனக்குத் தெரியாத ரோடா?" என்று கிளம்பினேன்.

அட்டகட்டி தாண்டி ஒரு வளைவு. வெளிச்சமான வெட்டவெளியிலிருந்து சட்டென்று மர நிழலுக்குள் நுழைகிற இடம். எனக்கு எதிரே கறுப்புத்தான் தெரிந்தது. ஆனால் நான் வேகத்தைக் குறைக்கவில்லை. ஏனென்றால் அந்த வளைவு எனக்குத் தெரியும். அங்கே வீடு கிடையாது, பஸ் நிறுத்தம் கிடையாது, ஆள் நிற்க மாட்டார்கள்.

நின்றிருந்தார்கள். சுவரை ஒட்டி ஒரு பெண், பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பையன்.

பிரேக்கை மிதித்தேன். வண்டி வழுக்கி, ஒரு கை தூரத்தில் நின்றது. அந்தப் பெண் பையனை இழுத்து முந்தானையோடு அணைத்துக்கொண்டாள். திட்டவில்லை. என் நரைத்த தலையைப் பார்த்தாளோ என்னவோ, "பார்த்துப் போங்க ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

கீழே வந்து ஆழியாறு பக்கம் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கால் நடுக்கம் நிற்கவில்லை. வீட்டில் சொன்னால் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். சொல்லவில்லை. ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. அன்றைக்கு நான் கண்ணால் பார்த்து ஓட்டவில்லை, ஞாபகத்தால் ஓட்டினேன். ஞாபகத்தில் இருந்த சாலை 30 வருஷத்துக்கு முந்தையது. அதில் அந்தப் பையன் இல்லை.

கண் டாக்டர் சொன்னது

அடுத்த வாரமே கண் டாக்டரிடம் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. "ராத்திரியில எதிர்வண்டி லைட்டைச் சுத்தி வட்டம் வட்டமாத் தெரியுதா?" என்று கேட்டார். தெரிந்துகொண்டுதான் இருந்தது. இந்தக் கால எல்.இ.டி. விளக்குகளின் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் விளக்கியது மறக்க முடியாதது. வயது ஏற ஏறக் கண்ணின் பாப்பா சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில், 60 வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சேரும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும்போது கண் பழகவும் கூடுதல் நேரம் எடுக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் போய்விடும். கண் பழக இரண்டு விநாடி கூடுதலாக ஆனால், 22 மீட்டர் குருட்டு ஓட்டம்.

சளி மாத்திரையையும் கேட்டார். சளி, அரிப்பு, அலர்ஜி மாத்திரைகள் பலவற்றில் தூக்கம் வரவைக்கும் மருந்து இருக்கிறது. தூங்கிவிழா விட்டாலும் கை கால் சுதாரிப்பது தாமதமாகும். அன்றிலிருந்து புது மருந்து எது எழுதினாலும், "இதைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டலாமுங்களா?" என்று கேட்டுவிடுகிறேன்.

இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆனது. டாக்டர் அனுமதிக்கும்வரை வண்டியைத் தொடவில்லை. முதல் தடவை தெருவில் இறங்கிப் பார்த்தபோது, எதிர்வீட்டுச் சுவர் வெள்ளை என்பதே அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் அது சந்தன நிறம் என்று நினைத்திருந்தேன்!

கதையை முடித்தபோது மருமகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. கீழே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். மகனிடம் சொல்லிவிடுவாளோ என்றும் நினைத்தேன்.

"மேல வரைக்கும் நீங்களே ஓட்டுங்க மாமா" என்றாள் கடைசியில். "இறங்கறப்ப நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்குடுங்க."

பனியும் தேயிலையும்

அட்டகட்டிக்கு மேலே காற்று மாறிவிட்டது. கவர்க்கல் பக்கம் பனிமூட்டம் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. இங்கேதான் கார்வர் மார்ஷ் சிலை நிற்கிறது. இந்த மலையில் தேயிலைத் தோட்டம் போட்ட ஆரம்பகாலத் துரைமார்களில் ஒருவர். நான் வண்டியின் வேகத்தை இருபதுக்குக் குறைத்து, ஹெட்லைட்டைத் தாழ்வாக வைத்தேன். பனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். கண் கூசும் வயதில் அது இரட்டிப்புக் கஷ்டம்.

பனி விலகியதும் எல்லாப் பக்கமும் தேயிலை. கத்தரித்துச் சீராக வைத்த பச்சை. வால்பாறை நெருங்கும்போது புதுத்தோட்டம். சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கிற இடம். வண்டியில் அடிபடாமல் அவை மரத்துக்கு மரம் போக, சாலைக்கு மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். பேத்தி எண்ணிய கணக்குப்படி பதினொரு குரங்கு. ஒன்று பாலத்தில் நடுவழியில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தது.

"குரங்குக்குக்கூட பாலம் கட்டியிருக்காங்க. மனுஷங்க மெதுவாப் போனாப் போதும்" என்றாள் மனைவி. அவளுக்கு என் கதை தெரியாது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

சாவி கை மாறியது

புளிசாதம் முடித்து, பகல் ஒன்றரைக்கே கிளம்பிவிட்டோம். மாலையில் பனி இறங்கும், யானை நடமாட்டமும் கூடும். சாவியை மருமகளிடம் கொடுத்தேன். மனைவி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். 42 வருஷக் கல்யாண வாழ்க்கையில், மலையில் நான் இடதுபக்கம் உட்கார்ந்ததை அவள் பார்த்ததில்லை.

"எந்த கியர்ல ஏறினோமோ, அதே கியர்ல இறங்கணும்மா. நியூட்ரல் ஆகவே ஆகாது. பிரேக்கிலேயே காலை வெச்சுக்கிட்டே வந்தா, பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போயிடும். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும்."

"சரிங்க மாமா."

"வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடு. வளைவுக்குள்ள போய்ப் பிரேக் அடிக்காதே. கீழே இருந்து வண்டி வந்தா நாமதான் நிக்கணும்."

முதல் ஐந்து வளைவுக்கு அவள் தோள் காது வரை ஏறியிருந்தது. பிறகு மெல்ல இறங்கியது. அட்டகட்டி தாண்டினோம். அந்த வளைவு வந்தது. "இங்க நிழலுக்குள்ள போகும். மெதுவா" என்றேன். முதல் கியருக்கு மாற்றினாள். உள்ளே போனதும் பார்த்தேன். சுவரோரம் யாரும் இல்லை. ஒரு சுள்ளிக்கட்டு மட்டும் சாய்ந்து நின்றது.

அடிவாரம் வந்ததும் நிறுத்தி, சக்கரத்துப் பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்தேன். பிரேக் தீய்ந்த வாசனை இல்லை. பிள்ளை பாஸ்!

எங்கள் வீட்டு ஒப்பந்தம்

அன்று இரவு மகனிடமும் மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி அழுதாள், பிறகு இரண்டு நாள் பேசவில்லை. மகன் சாவியைப் பிடுங்கவில்லை. உட்கார்ந்து பேசினோம்.

சட்டப்படி நான் ஓட்டலாம். நம் நாட்டில் கார் ஓட்ட மேல் வயது வரம்பு இல்லை. 55 வயதுக்கு மேல் லைசென்ஸை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், படிவம் 1ஏ-யில் டாக்டர் சான்று வேண்டும். போன வருஷம் நான் புதுப்பித்தபோது, அந்தச் சான்றில் கையெழுத்துப் போட்டவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஐந்து வருஷத்தில் உடம்பில் எவ்வளவோ மாறும். காகிதம் சரியாக இருப்பதால் கண்ணும் காலும் சரியாக இருப்பதாக அர்த்தமில்லை.

அதனால் எங்கள் ஒப்பந்தம் இதுதான். பகலில், ஊருக்குள், தெரிந்த சாலையில் நான் ஓட்டலாம். சந்தை, கோயில், பேத்தியின் பள்ளிக்கூடம். இரவு, மழை, மலை, நாற்கரச் சாலை நான்கும் மருமகளுக்கோ மகனுக்கோ. வருஷத்துக்கு ஒருமுறை கண், காது, சர்க்கரைப் பரிசோதனை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருமகள் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். அவள் "போதும் மாமா" என்றால், போதும். பேச்சில்லை.

உங்கள் வீட்டிலும் என்னைப் போல ஒருவர் ஓட்டிக்கொண்டிருக்கலாம். இவற்றைக் கவனியுங்கள்:

* காரிலோ வாசல் கேட்டிலோ புதுப் புதுக் கீறல்கள்.
* தெரிந்த ஊரிலேயே வழி தடுமாறுவது.
* பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது, ஒரு தடவையாக இருந்தாலும்.
* மற்ற வண்டிகள் அடிக்கடி ஹாரன் அடிப்பது. "எங்கிருந்து வந்தான்னே தெரியலை" என்று அடிக்கடி சொல்வது.
* பேரப்பிள்ளைகளை அவரோடு அனுப்ப உங்களுக்கே மனசு வராதது.

ஒன்றைப் பார்த்தாலும் முதலில் டாக்டரிடம் அழைத்துப்போங்கள். புரையாக இருந்தால் சரிசெய்யலாம், மருந்தாக இருந்தால் மாற்றலாம். அதைவிட்டு எல்லார் முன்னாலும் "உங்களுக்கு வயசாயிடுச்சு, சாவியைக் குடுங்க" என்று சொல்லாதீர்கள். அந்தச் சாவியோடு நாங்கள் நினைத்தபோது வெளியே போகிற சுதந்திரமும் சேர்ந்து போகிறது. வாங்கிக்கொள்வதானால், யார் எப்போது அழைத்துப்போவது என்பதையும் சேர்த்தே பேசுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரே வார்த்தை. உங்களிடமும் ஒரு சொல்லாத கதை இருந்தால், வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் இரண்டு வருஷம் பயந்தேன். சொன்ன பிறகுதான் தூக்கம் வந்தது.

அடுத்த மாதம் மறுபடி வால்பாறை போகிறோம். இந்தத் தடவை ஏறுவதும் மருமகள்தான். இடதுபக்கம் உட்கார்ந்தால் மலையைப் பார்க்கலாம் என்பதே எனக்கு இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று. பேத்தி இப்போதே சொல்லிவிட்டாள்: "தாத்தா, இனிமே வளைவை நீங்க எண்ணுங்க. நான் வரையாடு தேடறேன்."